புது கார் அறிமுகம் பாக்க உக்காரும்போது கையில ஒரு அளவு டேப் வச்சுக்குங்க

2019 ஜூலை 19, வெள்ளிக்கிழமை காலை. சிங்கப்பூர்ல நைட் ஷிப்ட் முடிச்சு துவாஸ்லேர்ந்து யீஷூன் வந்து சேர்ந்தா மனுஷன் குளிச்சிட்டு படுக்கணும், நான் படுக்கல, கலிபோர்னியாவுல அப்ப இன்னும் வியாழக்கிழமை சாயங்காலம்தான், டஸ்டின்ங்கிற ஊர்ல அந்தக் காலத்து ஆகாயக்கப்பல் நிறுத்துற மரக்கொட்டகைக்குள்ள செவர்லே கம்பெனி தன்னோட கார்வெட்ங்கிற ஸ்போர்ட்ஸ் காரோட எட்டாம் தலைமுறைய திரை விலக்கிக் காட்டப் போகுது, அத நேரலையில பாக்கணும்னு கண்ணு எரிய எரிய உக்காந்திருந்தேன். வீட்டுக்காரம்மா ரெண்டு தடவ எட்டிப் பாத்துட்டு "கார் வாங்கப் போற மாதிரியே உக்காந்திருக்கீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அன்னிக்கு சாயங்காலம் புளோக்குக்குக் கீழ காப்பிக்கடையில நான் அளந்து விட்டேன் பாருங்க, 495 குதிரை சக்தி, மூணு வினாடிக்குள்ள 60 மைல், விலை 60,000 டாலருக்குக் கீழ, இத்தாலிக்காரன் எல்லாம் மூட்டை கட்டிக்க வேண்டியதுதான்னு. அங்க வழக்கமா உக்காந்திருக்கிற மாமா ஒருத்தர், இருவது வருஷத்துக்கு மேல லாரி ஓட்டினவரு, பாலும் சக்கரையும் இல்லாத தே ஓ கோசோங்க ஆத்திக்கிட்டே கேட்டார், "எல்லாம் சரி தம்பி, ஸ்டீயரிங் எந்தப் பக்கம்?"

எனக்கு சட்டுன்னு பதில் வரல. முழுசா உக்காந்து பாத்தவன் நான், கைதட்டல் சத்தத்துல அந்த ஒண்ண கோட்டை விட்டிருக்கேன்.

அடுத்ததா "நம்ம கார்பார்க் லாட்டுக்குள்ள நுழையுமா?"ன்னார். அதுக்கும் பதில் இல்ல.

அதுக்கப்புறம் அதே கார்வெட்டோட சி8, அதாவது எட்டாம் தலைமுறை, குடும்பத்துல ஒவ்வொண்ணா வந்துச்சு, 2021 அக்டோபர்ல இசட்06, 2023 ஜனவரியில இ-ரே, 2024 ஜூலையில 1,064 குதிரையோட இசட்ஆர்1, எல்லாத்தையும் பாத்தேன், ஆனா பாக்குற முறைய மாத்திக்கிட்டேன். நம்மூர்ல இருந்துக்கிட்டு ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் அறிமுகத்த எப்படி பாக்கணும்னு இப்ப ஒரு வழக்கம் இருக்கு எனக்கு, அதத்தான் எழுதுறேன், உதாரணம் முழுக்க அந்த 2019 கார்தான், ஏன்னா அதுல மாறாத விஷயம் ரொம்பக் கம்மி.

மொதல்ல நேரத்த சரியா போட்டுக்குங்க. கோடையில கலிபோர்னியாவுக்கும் நமக்கும் 15 மணி நேர வித்தியாசம், டெட்ராய்ட் பக்கம்னா 12 மணி நேரம். அவங்க போஸ்டர்ல 18ன்னு போட்டிருந்தா சாயங்கால நிகழ்ச்சி நமக்கு 19 காலையில வரும். இதுல ஏமாந்தவங்க நிறைய, முந்தின நாள் காலையில எழுந்து காலி ஸ்கிரீன பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. இன்னொண்ணு, அமெரிக்காக்காரன் மாசத்த முன்னாடி போடுவான். 2019 ஏப்ரல்ல செவர்லேயோட தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் தலைவி மேரி பாராவும் கார்வெட் தலைமை இன்ஜினியர் டாட்ஜ் ஜுக்டரும் உடம்பெல்லாம் கோலம் போட்ட மாதிரி மறைப்பு ஒட்டின கார நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல ஓட்டிக்கிட்டுப் போனாங்க, கதவுல 07.18.19னு எழுதி. நம்ம பழக்கத்துல படிச்சா 7ம் தேதி 18ம் மாசமாம்.

கையில என்ன வச்சுக்கணும்னா ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு அளவு டேப், பெயின்டர் ஒட்டுற மாஸ்கிங் டேப் ஒரு ரோல். சிரிக்காதீங்க, கடைசியில தேவைப்படும்.

நிகழ்ச்சி ஆரம்பிச்சதும் முதல் அரைமணி நேரம் பெரும்பாலும் வரலாறும் கண்ணீரும்தான் ஓடும். மத்த கார்ன்னா அந்த நேரத்துல போய் தேத்தண்ணி கலக்கிட்டு வாங்கன்னு சொல்லுவேன், கார்வெட்டுக்கு மட்டும் உக்காந்து கேளுங்க. 1953 ஜனவரியில நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல்ல முதல் கார்வெட்ட காட்டினப்ப அதப் பாக்கப் போன கூட்டத்துல சோரா ஆர்கஸ்-டன்டோவ்னு ஒரு இன்ஜினியர் இருந்தார், பிரஸ்ஸல்ஸ்ல பொறந்த ரஷ்யக் குடும்பத்துக்காரர். பாத்துட்டு அதே வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ்ல வேலைக்கு சேர்ந்தார், பின்னாடி ஒரு கட்டத்துல "இன்ஜின முன்னாடி வச்சது போதும், டிரைவருக்குப் பின்னாடி வைங்க"ன்னு கேக்க ஆரம்பிச்சார், 60கள்லயும் 70கள்லயும் அப்படி சோதனை வண்டி ஒண்ணு மாத்தி ஒண்ணு செஞ்சும் காட்டினார், கம்பெனி எதையும் விற்பனைக்குக் கொண்டு வராம ஷெட்டுல போட்டுருச்சு. மனுஷன் 1996ல செத்துப் போனார். அவர் அஸ்தி கென்டக்கியில பவுலிங் கிரீன் ஊர்ல இருக்கிற கார்வெட் மியூசியத்துல இருக்கு, அவர் கேட்ட காரு 23 வருஷம் கழிச்சு மேடைக்கு வந்துச்சு, அதே ஊர் தொழிற்சாலையிலதான் செஞ்சாங்க. இது தெரிஞ்சு பாத்தா அந்த மேடையில ஏன் வயசான ஆளுங்க எல்லாம் எழுந்து நின்னு கத்துனாங்கன்னு புரியும்.

சரி, திரை விலகியாச்சு. இப்ப எல்லாரும் குதிரை சக்திய எழுதிக்குவாங்க, நீங்க எழுதாதீங்க, அது நாளைக்கு எல்லா எடத்துலயும் வந்துரும். நீங்க பாக்க வேண்டியது, இன்ஜின் எங்க உக்காந்திருக்கு, அதனால மனுஷன் எங்க நகர்ந்திருக்கான்.

இன்ஜின நடுவுல வைக்கிறதுன்னா என்னன்னு என் அக்கா பையன் கேட்டப்ப நான் தைப்பூசத்த வச்சு சொன்னேன். காவடின்னா தோள்ல ஒரு தண்டு, ரெண்டு முனையிலயும் பால்குடம் தொங்குதுன்னு வச்சுக்க. பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு போற வழியில ஒரு திருப்பத்துல அந்த ஆள் சடார்னு திரும்பணும்னா, உடம்பு திரும்பிரும், குடங்கள் ரெண்டும் கொஞ்சம் தாமதிச்சுதான் வரும், வந்ததுக்கப்புறம் நிறுத்தறதும் கஷ்டம், அது இவரையும் சேத்து இழுக்கும். அதே ரெண்டு குடத்த முனையிலேர்ந்து எடுத்து தோளுக்குப் பக்கத்துல கட்டிட்டா? எடை ஒரு கிராம்கூட குறையல, ஆனா திரும்புறது லேசாயிடும். முன்னாடி மூக்குல இன்ஜின் வச்ச கார் மொத வகை, இந்த காரு ரெண்டாவது வகை. பழைய கார்வெட்காரங்களும் சும்மா இல்ல, 1997லயே கியர்பாக்ஸ பின்னாடி கொண்டுபோயி எடைய முன்னும் பின்னும் சமமாக்கிட்டாங்க, ஆனா சமம்ங்கிறது வேற, நடுவுல சேர்றது வேற, தண்டோட ரெண்டு முனையிலயும் ஒரே அளவு குடம் தொங்குனாலும் சமம்தானே.

புதுசுல கிட்டத்தட்ட 40 பங்கு முன்னாடி, 60 பங்கு பின்னாடி. பின்சக்கரத்து மேல பாரம் அதிகம் உக்காந்தா கெளம்பும்போது சக்கரம் சும்மா சுத்தாம ரோட்ட கவ்விக்கிட்டு தள்ளும், காலி லாரி மழையில வழுக்கும், சரக்கு ஏத்தினது வழுக்காதுன்னு மாமா ஒரே வரியில முடிச்சிட்டார். உக்கார்ற எடம் பழைய கார விட 42 சென்டிமீட்டர் முன்னாடி வந்துருச்சு, அதனால முன்னாடி நீளமா மூக்கு தெரியாது, ரோடு கிட்டக்க தெரியும்.

இன்ஜின் மட்டும் பழைய வழியிலயே வந்துச்சு, எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான். 6.2 லிட்டர் வி8, டர்போ கிடையாது, ஓவர்ஹெட் கேம், அதாவது இன்ஜின் தலைக்கு மேல உக்காந்து வால்வ தள்ளுற கேம்ஷாஃப்ட், கிடையாது, ஒரே ஒரு கேம்ஷாஃப்ட் நடுவுல உக்காந்து தண்டு வச்சு வால்வ தள்ளுற அதே ஏற்பாடு, 1955லேர்ந்து வர்ற வம்சம். இதப் பாத்து "பழைய டெக்னாலஜி"ன்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்ககிட்ட சண்டைக்குப் போகாதீங்க, ஆனா நீங்க தெரிஞ்சு வச்சுக்குங்க, மேல கேம் இல்லாததால இன்ஜின் தலை குள்ளம், ஆயில் தொட்டி அடியில தொங்காம தனியா இருக்கிறதால இன்னும் கீழ எறக்கி உக்கார வைக்கலாம், பாரம் தரைக்குப் பக்கத்துல போயிரும். ஸ்பிரிங்கும் மாறிடுச்சு. கார்வெட்ல 1963லேர்ந்து குறுக்கால ஒரு லீஃப் ஸ்பிரிங், லாரிப் பட்டையோட சொந்தக்காரன் மாதிரி, இருந்துக்கிட்டே வந்துச்சு, இதுலதான் அதத் தூக்கிட்டு சுருள் ஸ்பிரிங் போட்டாங்க.

கியர் விஷயத்துல என் கூட்டாளிங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சாங்க. மேனுவல் கிடையவே கிடையாது, டிரெமெக் கம்பெனி செஞ்ச 8 கியர் டூயல் கிளட்ச் மட்டும்தான். ஒத்தப்படை கியருக்கு ஒரு கிளட்ச், ரெட்டப்படைக்கு இன்னொண்ணு, நீங்க மூணுல ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே நாலு மாட்டி தயாரா நிக்கும், ஒரு கிளட்ச் விட்டா இன்னொண்ணு புடிக்கும், அவ்வளவுதான் சமாச்சாரம். மேனுவல் போனதுக்கு எனக்கும் வருத்தம்தான், ஆனா நடுவுல ஓடுற முதுகெலும்பு மாதிரி டனல்தான் அந்த காரோட பலமே, கியர் கம்பிய பின்னாடி கொண்டுபோக அதுல ஓட்டை போடணும், விரல் விட்டு எண்ற அளவுக்கு வாங்குறவனுக்காக எவன் போடுவான். சிடிஇ விரைவுச்சாலை நெரிசல்ல சாயங்காலம் ஆறு மணிக்கு கிளட்ச் மிதிச்சுப் பாத்தவனுக்கு இந்த வருத்தம் சீக்கிரம் ஆறிடும்.

இப்ப எண்ணுங்க. மேடையில சொல்ற ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னாடி ஒரு சின்ன எழுத்து இருக்கும், அத நோட்டுல எழுதுறதுதான் உங்க வேல.

மூணு வினாடிக்குள்ளன்னா எதுக்கு எது? பூஜ்யத்துலேர்ந்து 60 மைலுக்கு, அதாவது 97 கிலோமீட்டருக்கு, நம்ம ஆளுங்க அத 100ன்னு நெனச்சுக்கிட்டு வேற காரோட ஒப்பிடுவாங்க. நம்ம விரைவுச்சாலையில உச்சவரம்பே 90ங்கிறதால மூணு வினாடி முடியறதுக்குள்ள நீங்க சம்மன் எல்லைக்குப் போயாச்சு, மீதி குதிரையெல்லாம் லாயத்துல நின்னு புல்லு தின்ன வேண்டியதுதான். அந்த மூணு வினாடி சும்மா கார் வாங்கினா வர்றதும் இல்ல, இசட்51ங்கிற கூடுதல் சாமான் கட்டு போட்டாதான், அது அப்ப 5,000 டாலர், 495 குதிரையும் அதுல வர்ற சைலன்சரோடதான், போடலைன்னா 490. எடை 1,527 கிலோன்னு காட்டுனாங்க, அது ஆயில், தண்ணி, பெட்ரோல் எதுவும் ஊத்தாத காஞ்ச எடை, எல்லாம் ஊத்துனா 100 கிலோவுக்கு மேல கூடும். காலையில வெறும் வயித்துல எடை பாத்துட்டு ஊரெல்லாம் சொல்ற மாதிரிதான்.

உள்ள எப்படி இருக்குன்னு காட்டும்போது மட்டும் வீட்டுக்காரம்மாவ கூப்புட்டு பக்கத்துல உக்கார வைங்க. நான் ஸ்டீயரிங் கிட்டத்தட்ட சதுரமா இருக்கேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன், அவங்க பாத்த உடனே "நடுவுல எதுக்கு சுவர் எழுப்பியிருக்கான்"னு கேட்டாங்க. டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவுல நீளமா ஒரு திட்டு, அது மேல வரிசையா ஏசி பட்டன்கள், டிரைவர் தனி அறையில உக்காந்த மாதிரி. அந்த பட்டன் வரிசைய 2026 மாடல்ல எடுத்தே போட்டாங்க. எங்க வீட்ல இன்னும் அத சொல்லிக் காட்டுறாங்க.

இப்ப மாமாவோட மொத கேள்விக்கு வருவோம். ஸ்டீயரிங். நம்மூர்ல இடதுபக்க ஸ்டீயரிங் வச்ச கார சாதாரணமா பதிய முடியாது, அதனால வலதுபக்கம் வருதான்னு தெரியாம மத்த எதையும் கொண்டாடி பிரயோஜனமில்ல. 1953லேர்ந்து 66 வருஷம் கார்வெட் தொழிற்சாலையில வலதுபக்க ஸ்டீயரிங்கோட ஒண்ணுகூட செஞ்சதில்ல, வேணும்னா வெட்டி ஒட்டி மாத்திக்கணும். சி8க்குதான் முதல்தடவையா தொழிற்சாலையிலேயே வலதுபக்கம் செய்யப் போறோம்னு அறிமுகத்தோடயே சொன்னாங்க, நான் கோட்டை விட்டது இதத்தான். ஆஸ்திரேலியாவுல ஹோல்டன் பேருக்கு வருதுன்னு அங்க ஒரே கொண்டாட்டம், ஏழு மாசத்துல, 2020 பிப்ரவரியில, ஹோல்டன் பிராண்டையே மூடுறோம்னு அறிவிச்சிட்டாங்க. காரு பின்னாடி வேற கடை பேர்ல போய் சேர்ந்துச்சு. அறிமுகத்துல சொல்ற "வரும்"ங்கிறதுக்கும் கப்பல்லேர்ந்து எறங்குறதுக்கும் நடுவுல எவ்வளவோ நடக்கும், அமெரிக்காவுலயே பாருங்க, அந்த வருஷம் செப்டம்பர்ல தொழிலாளர் ஸ்ட்ரைக், உற்பத்தி 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போச்சு, ஆரம்பிச்ச அடுத்த மாசமே கோவிட்னு தொழிற்சாலைய மூடுனாங்க.

இதனாலதான் சொல்றேன், அறிமுகம் பாத்த சூட்டுல யார்கிட்டயும் முன்பணம் கட்டாதீங்க. எங்க சித்தப்பா பையன் ஒரு தனி இறக்குமதிக்காரர்கிட்ட, பேர் வேண்டாம், வேற ஒரு காருக்கு 5,000 சிங்கப்பூர் வெள்ளி கட்டினான், ரசீதுல "நான்-கேரண்டி சிஓஇ"ன்னு போட்டிருந்தத படிக்கல. சிஓஇன்னா கார் வச்சுக்க அரசாங்கம் ஏலத்துல விக்கிற உரிமைச் சீட்டு, அது கிடைக்கும்னு உத்தரவாதம் இல்லன்னு அர்த்தம். ஏலத்துல விலை ஏற ஏற அவங்க "அடுத்த ரவுண்டு பாப்போம் பிரதர்"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, எட்டு மாசம். காரும் வரல, பணம் திரும்பி வர்றதுக்குள்ள இவன் கல்யாணமே முடிஞ்சுருச்சு. கேக்க வேண்டியது மூணே மூணு, சிஓஇ கேரண்டியா, எத்தனை ரவுண்டுக்குள்ள, எடுக்க முடியலைன்னா முழுப் பணமும் எந்தத் தேதிக்குள்ள திரும்ப வரும். எழுத்துல வாங்குங்க, வாட்ஸ்அப்ல இல்ல.

இப்ப விலை. இதுதான் காப்பிக்கடையில அதிகம் பொய் சொல்லப்படுற எடம், அதனால நிதானமா கணக்கு போடுவோம். 60,000 அமெரிக்க டாலர் அப்படின்னா சுமாரா 80,000 வெள்ளின்னு வச்சுக்குங்க, கணக்கு சுலபமா இருக்கட்டும். நிஜத்துல சுங்கத்துறை மதிப்பு அமெரிக்கக் கடை விலையா இருக்காது, கப்பல் கூலி காப்புறுதி எல்லாம் சேரும், வலதுபக்க ஸ்டீயரிங் கார் விலையே வேற, ஆஸ்திரேலியாவுலயே 2021ல ஆரம்ப விலை கிட்டத்தட்ட 145,000 ஆஸ்திரேலிய டாலர்னு வச்சாங்க. அதெல்லாம் ஓரமா வச்சுட்டு, ரொம்ப தாராள மனசோட 80,000ன்னே போடுவோம்.

அது மேல 20 சதவீதம் கலால் வரி, 16,000. ரெண்டையும் கூட்டினா 96,000, அதுக்கு 9 சதவீதம் ஜிஎஸ்டி, 8,640. அடுத்தது ஏஆர்எஃப்னு சொல்ற கூடுதல் பதிவுக் கட்டணம், நெஞ்ச புடிச்சுக்குங்க, மொத 20,000க்கு 100 சதவீதம், அடுத்த 20,000க்கு 140, அதுக்கடுத்த 20,000க்கு 190, அதுக்கும் அடுத்ததுக்கு 250. அதாவது 20,000, 28,000, 38,000, 50,000, கூட்டினா 136,000. கார் 80,000, அதப் பதிய 136,000. 80,000த்த தாண்டிட்டா அதுக்கு மேல உள்ள ஒவ்வொரு வெள்ளிக்கும் 320 சதவீதம், அதனாலதான் 80,000லேயே நிறுத்தினேன், தாண்ட பயமா இருந்துச்சு.

இன்னும் சிஓஇ பாக்கி. 6,162 சிசிங்கிறதால பெரிய இன்ஜின் காருக்கான கேட்டகரி பி. மாசம் ரெண்டு தடவ ஏலம், திங்கள் ஆரம்பிச்சு புதன் சாயங்காலம் நாலு மணிக்கு முடியும், 2023 அக்டோபர்ல இது 150,000 வெள்ளியத் தொட்டத நம்மில் யாரும் மறக்க மாட்டோம். நாம 100,000ன்னு போடுவோம். எல்லாத்தையும் கூட்டுங்க, 340,640. இதுல புகை அதிகம் விடுறதுக்கான சர்சார்ஜ் இல்ல, டீலர் லாபம் இல்ல, காப்புறுதி இல்ல. அதுவும் பத்து வருஷத்துக்குத்தான், அப்புறம் மறுபடியும் சிஓஇ.

சாலை வரியும் போட்டுப் பாத்தேன். 3,000 சிசிக்கு மேல போனா ஒவ்வொரு சிசிக்கும் தனியா ஏறும், 6,162 சிசிக்கு வருஷத்துக்கு 7,330 வெள்ளி வருது. ஒரு 1.6 லிட்டர் வண்டிக்கு 740 சொச்சம். பத்து மடங்கு. மாமாகிட்ட நோட்ட காட்டினேன், கண்ணாடிய போட்டுக்கிட்டு கடைசி வரி வரைக்கும் விரல் வச்சுப் படிச்சாரு, "இதுல ரெண்டு ரூம் வீடு வரும்"னு சொல்லிட்டு தே ஓவ குடிச்சார்.

கடைசியா டேப் வேலை. எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி. அறிமுகத்தோட கம்பெனி வெளியிடுற அளவுப் பட்டியல்லேர்ந்து மூணு எண்ண எடுத்துக்குங்க, நீளம் 4.63 மீட்டர், அகலம் 1.93, உயரம் 1.23. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கார்பார்க் மேல்மாடி காலியா இருக்கும், மாசக் கட்டணம் கட்டி நிறுத்துற உங்க சீசன் லாட்டுக்குப் போங்க. எச்டிபி, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடுகளோட கார்பார்க் லாட், நேரா நிறுத்துறது 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். லாட்டுக்குள்ள மாஸ்கிங் டேப்ப ஒட்டி கார் அளவுக்கு ஒரு கட்டம் போடுங்க, அக்கா பையன் ஒரு முனைய புடிச்சான், நான் இன்னொரு முனைய.

நீளத்துல 17 சென்டிமீட்டர்தான் மிச்சம், ஒரு சாண்கூட இல்ல. அகலத்துல ரெண்டு பக்கமும் 23, அதுவும் கண்ணாடி காது எல்லாம் சேக்காம. பக்கத்து லாட்ல 1.8 மீட்டர் அகலத்துல ஒரு சாதாரண கார் நடுவுல நிக்குதுன்னு வைங்க, ரெண்டுக்கும் நடுவுல அரை மீட்டர் சொச்சம். ரெண்டு கதவு காருக்கு கதவு நீளமா இருக்கும், அரை மீட்டர் எடத்துல அது பாதிகூட தொறக்காது. கட்டத்துக்குள்ள ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல போட்டு கதவு தொறக்குற மாதிரி ஓரத்துல ஒரு அட்டைய நிறுத்திட்டு நான் எறங்கிப் பாத்தேன், சொல்லக்கூடாது, வயிறு மாட்டிக்கிச்சு. பையன் வீடியோ எடுத்தான், அத அழிக்க ஒரு பிரியாணி வாங்கிக் கொடுக்க வேண்டியதாப் போச்சு.

உயரத்தையும் தூண்ல ஒரு துண்டு டேப் ஒட்டி குறிச்சுக்குங்க, 1.23ங்கிறது நம்ம வீட்டு சாப்பாட்டு மேசைக்கு மேல ரெண்டு சாண். அதுக்குள்ள உக்காந்து பக்கத்துல ஒரு டிப்பர் லாரி வந்தா அதோட சக்கரம்தான் தெரியும்.

அப்படியே கீழ வரைக்கும் நடந்து வந்து சரிவு முடியற எடத்தையும், ஹம்ப்பையும் பாருங்க. முன்மூக்கு இடிக்குமேன்னு கம்பெனிக்கும் தெரியும், அதுக்காக பட்டன் அமுக்குனா முன்பக்கம் மூணு வினாடிக்குள்ள 40 மில்லிமீட்டர் ஏறுற வசதி, காசு கொடுத்தா கிடைக்கும், அது ஜிபிஎஸ் வச்சு 1,000 எடம் வரைக்கும் நெனப்புல வச்சுக்கிட்டு அங்க போனா தானாவே ஏறும். கேக்க அருமையாத்தான் இருக்கு. ஆனா நம்மளுது அடுக்குமாடி கார்பார்க், மேல மூணு மாடி கான்கிரீட்டு இருந்தா போன் மேப்பே பக்கத்து புளோக்குல நிக்கிறோம்னு சொல்லுது, ஒரே எடத்துல மேலயும் கீழயும் ஆறு ஹம்ப்பு வேற. அங்க கையாலதான் அமுக்கணும்.

சாமான் எடமும் ஒரு தடவ பாத்துக்குங்க, முன்னாடி ஒரு பொட்டி பின்னாடி ஒரு பொட்டி, ரெண்டும் சேந்து 357 லிட்டர், பின்னாடி ரெண்டு கோல்ஃப் பை வைக்கலாம்னு பெருமையா காட்டுனாங்க. பின்பொட்டி இன்ஜினுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு. தேக்கா மார்க்கெட்டுல மீன் வாங்குனா முன்பொட்டியில வைங்க.

அளந்து முடிச்சதும் போட்டோ எடுத்துக்கிட்டு டேப்ப மறக்காம உரிச்சிருங்க. நாங்க மறந்துட்டு பிரியாணி சாப்பிடப் போயிட்டோம், திரும்பி வந்தா பக்கத்து புளோக் ஆன்ட்டி ஒருத்தங்க தன்னோட சின்ன ஹோண்டாவ கட்டத்துக்குள்ள கச்சிதமா நிறுத்திட்டு, புதுசா கோடு போட்டிருக்காங்களா, இங்க நிறுத்தலாமா கூடாதான்னு போன்ல யாரையோ கேட்டுக்கிட்டு நின்னாங்க.